வாத்தியம் வாசித்த மனநல வைத்தியர்: டொக்டர் அன்ரனி ஸ்ரோர்



எமது ஆலய மலரில் வழமையாக நாயன்மார்களின் வரலாறுகளும் ஈழத்துச் சான்றோர் பற்றிய கட்டுரைகளுமே இடம்பெறுவதுண்டு. இம்முறை ஒரு வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி சபைச் செயலாளர் கேட்டபோது, நான் ஓர் ஆங்கிலேயரை, அதுவும் ஒரு மனநோய் வைத்தியரைத் தெரிவு செய்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

சில மாதங்களுக்கு முன்னர், ஞாயிற்றுக்கிழமை சங்கீத வகுப்பு முடியும்வரை பெற்றோர் சிலர் மண்டபத்தில் தேநீருடன் இருந்தோம். பேச்சோடு பேச்சாக ஒருவர் தன் உறவினர் ஒருவரைப் பற்றிச் சொன்னார். அந்த மனிதருக்கு மாதக்கணக்காக நித்திரை இல்லை. குடும்ப வைத்தியர் மனநல வைத்தியரிடம் போகும்படி கடிதம் கொடுத்திருக்கிறார். வீட்டார் அந்தக் கடிதத்தை ஒளித்து வைத்துவிட்டார்கள். விசர் டொக்டரிடம் போனது தெரிந்தால் பிள்ளைகளின் கலியாணம் என்னாவது என்பது அவர்கள் கவலை. உள்ளே எங்கள் பிள்ளைகள் மோகன ராகத்தில் சுரம் பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உடனே நினைவில் வந்தவர் டொக்டர் அன்ரனி ஸ்ரோர். பியானோவும் வயோலாவும் வாசித்தவர், பாடியவர், மனநோயாளருடன் ஒரு வாழ்நாளைச் செலவிட்டவர், தாமே மனச்சோர்வுக்கு ஆளானவர்.

பிறப்பும் பள்ளிப் பருவமும்

சார்ள்ஸ் அன்ரனி ஸ்ரோர் 1920 மே 18 ஆம் திகதி லண்டனில் பிறந்தார். தந்தையார் வேர்னன் ஸ்ரோர் ஆங்கிலத் திருச்சபைக் குருவானவர். பின்னர் வெஸ்ற்மினிஸ்ரர் மடாலயத்தின் உப தலைமைக் குருவாக இருந்தவர். பிரித்தானிய அரசர்கள் முடிசூடும் அதே வெஸ்ற்மினிஸ்ரர் அபேதான். அன்ரனி பிறந்தபோது தந்தையாருக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. தாயாரும் நாற்பதைக் கடந்தவர். நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி. இவருக்கும் மூத்தவருக்கும் இடையில் சுமார் பத்து வருட இடைவெளி. பெற்றோர் இருவரும் நெருங்கிய இரத்த உறவினர். மச்சான் மச்சாள் முறையில் கலியாணம் செய்யும் எங்களுக்கு இது புதினமல்ல. ஆங்கிலேயருக்குள்ளும் அந்தக் காலத்தில் இது நடந்தது.

பிள்ளைக்குக் கடுமையான ஆஸ்மா. வீட்டில் வயதானவர்களும் பிரார்த்தனையும் புத்தகங்களும். கூட விளையாட ஆளில்லை. ஆனால் அருகிலேயே அந்தப் பெரிய ஆலயம் இருந்தது, அதன் ஓர்கன் இசை இருந்தது, பாடகர் குழு இருந்தது. கோயில் வீதியில் வளர்ந்த பிள்ளைக்கு நாதஸ்வரமும் தவிலும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே காதில் ஏறிவிடுவதை நாம் அறிவோம். அந்தச் சிறுவனுக்கும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும்.

எட்டு வயதில் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அந்த நாட்டு மேல்தட்டுக் குடும்பங்களில் அது வழக்கம். அதன்பின் வின்செஸ்ரர் கல்லூரி. 1382 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட, இங்கிலாந்தின் மிகப் பழைய பாடசாலைகளில் ஒன்று. அங்கே அவர் மகிழ்ச்சியாக இருக்கவில்லை. விளையாட்டில் சிறந்தவர்களுக்கே மதிப்பு இருந்த இடத்தில், மூச்சுத் திணறும் ஒரு பையனுக்கு நண்பர்கள் எளிதில் கிடைப்பதில்லை. அவரைத் தாங்கியது இசைதான். பியானோ வாசித்தார், வயோலா பழகினார், பாடினார்.

வயோலா என்பது வயலினைவிடச் சற்றுப் பெரியது, ஒலி சற்றுத் தாழ்ந்தது. கச்சேரியில் முன்னுக்கு வந்து நிற்கும் வாத்தியம் அல்ல. நடுவில் இருந்து மற்றவர்களைக் கேட்டுக்கொண்டே தன் பங்கை நிரப்புவது. பின்னாளில் அவர் செய்த வேலைக்கும் இது பொருத்தமாக இருந்தது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. தொழில்முறைக் கலைஞராக அவர் வரவில்லை. இறுதிவரை இசையை நேசித்த ஓர் ஆர்வலராகவே இருந்தார்.

வைத்தியத் துறைக்கு வந்த கதை

கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் வைத்தியம் படிக்கச் சேர்ந்தார். அங்கே அவருக்குப் பொறுப்பாசிரியராக வாய்த்தவர் சி. பி. சினோ. விஞ்ஞானியாகவும் நாவலாசிரியராகவும் இருந்த இவரே, 1959 இல் விஞ்ஞானத்துக்கும் இலக்கியத்துக்கும் இடையில் விழுந்துவிட்ட பிளவைப் பற்றிப் பேசிப் பெரிய வாதப் பிரதிவாதத்தைக் கிளப்பியவர். கூச்ச சுபாவமுள்ள இந்த மாணவனிடம் மற்றவர்களின் மனதை அறியும் ஆற்றல் இருப்பதைக் கண்டு, மனநல வைத்தியராக வர ஊக்கம் கொடுத்தவர் சினோதான். தன்னில் நம்பிக்கை இல்லாத ஒரு பிள்ளைக்கு ஓர் ஆசிரியரின் ஒரு வார்த்தை எவ்வளவு பெறுமதியானது என்பதை, யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் படித்த எங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

யுத்த காலம். ஆஸ்மா காரணமாக இராணுவ சேவைக்கு எடுக்கப்படவில்லை. லண்டன் வெஸ்ற்மினிஸ்ரர் வைத்தியசாலையில் பயிற்சி பெற்று 1944 இல் வைத்தியரானார். பின்னர் எசெக்ஸ் மாவட்டத்து றன்வெல் மனநோய் வைத்தியசாலையிலும், அதன்பின் லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையிலும் வேலை செய்தார். மோட்ஸ்லியில் அப்போது பேராசிரியர் ஓப்ரி லூயிஸ் ஆட்சி செலுத்திய காலம்.

அந்தக் காலத்து மனநோய் வைத்தியம் எப்படி இருந்தது என்பதை இன்றைய வாசகர் தெரிந்துகொள்வது நல்லது. இன்று நாம் அறிந்த மாத்திரைகள் எதுவும் இல்லை. கடும் மனநோய்க்கான முதல் மருந்தாகிய குளோர்புரோமசின் 1952 இல்தான் பாவனைக்கு வந்தது. அதற்கு முன் இன்சுலின் கொடுத்து நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்துவார்கள், மின்சாரம் பாய்ச்சுவார்கள், சிலருக்கு மூளையில் சத்திர சிகிச்சை செய்வார்கள். 1950களின் நடுப்பகுதியில் இங்கிலாந்து, வேல்ஸ் மனநோய் வைத்தியசாலைகளில் ஏறத்தாழ 150,000 பேர் இருந்தார்கள். உள்ளே போனவர்களில் பலர் வெளியே வரவில்லை. எங்கள் ஊரில் அங்கொடை என்ற பெயரைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்தியதும் இதே காலத்து நினைவுகளின் மிச்சம்தான். எங்கள் பெரியவர்களின் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் மனநோய் வைத்தியசாலைகள் இப்போது அந்த நிலையில் இல்லை. பயம் மாத்திரம் கப்பலேறி, விமானமேறி எங்களுடன் வந்துவிட்டது.

இளம் வைத்தியர் ஸ்ரோர் தேர்ந்துகொண்டது வேறு வழி: கதிரையில் எதிரே இருந்து ஒரு மனிதர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பது. சுவிற்சர்லாந்து அறிஞர் கார்ல் யுங்கின் வழியில் பயிற்சி பெற்றார். ஆயினும் பின்னாளில் எந்தக் குருபீடத்துக்கும் அடிமையாகவில்லை. யுங் பற்றி 1973 இலும், பிராய்ட் பற்றி 1989 இலும் தனித்தனி நூல் எழுதி இருவரின் நிறைகுறைகளையும் எடுத்துச் சொன்னார். ஒரு சுவையான செய்தி: இந்தப் பிராய்டுக்கு இசையை அனுபவிக்கவே தெரியாது. அதைப் பிராய்டே 1914 இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஒத்துக்கொண்டிருக்கிறார். ஸ்ரோருக்கு இது பெரிய குறையாகவே பட்டது.

1951 முதல் லண்டனில் தனிப்பட்ட முறையில் நோயாளரைப் பார்த்தார். 1974 இல் நல்ல வருமானம் தந்த அந்தத் தொழிலை விட்டு, ஒக்ஸ்போட் வோர்ன்போட் வைத்தியசாலைக்கு ஆலோசகராகச் சென்று இளம் வைத்தியர்களுக்குக் கற்பித்தார். 1984 இல் ஓய்வு பெற்றார். கணக்காளன் என்ற முறையில் சொல்கிறேன், ஐம்பத்துநான்கு வயதில் இப்படியொரு முடிவெடுக்க என்னிடம் ஆலோசனை கேட்டிருந்தால் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அவர் கற்பித்தவை 1979 இல் ‘உளச்சிகிச்சைக் கலை’ என்ற பொருள்படும் நூலாக வந்தது. அது தத்துவத்தில் தொடங்கவில்லை. நோயாளியைச் சந்திக்கும் அறை எப்படி இருக்க வேண்டும், கதிரைகளை எங்கே போடுவது, முதல் நாள் என்ன கேட்பது என்று தொடங்குகிறது. வைத்தியர் தன் சொந்தக் கதையைப் பேசக்கூடாது, வந்தவருக்கே இடம் விட வேண்டும் என்கிறார். ஆறுதல் சொல்லப் போன வீட்டில் தங்கள் கதையைச் சொல்லிவிட்டு வருபவர்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். நானும் அவ்வாறு செய்ததுண்டு.

எழுதிய நூல்கள்

ஸ்ரோர் பன்னிரண்டுக்கு மேற்பட்ட நூல்கள் எழுதினார். எல்லாம் சாதாரண வாசகருக்கு விளங்கும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. எல்லாவற்றையும் இங்கே சொல்ல இடமில்லை. ஒன்றிரண்டின் தலைப்பு ஆலய மலருக்கு ஏற்றதுமல்ல.

1968 இல் வந்த நூல் மனிதரின் வன்முறையைப் பற்றியது. மிருகங்கள் இரைக்காகவும் எல்லைக்காகவும் சண்டையிடும். தன் இனத்தையே வதைத்து அதில் இன்பம் காண்பது மனிதன்தான் என்பது அவரது முடிவு. அதை அவர் கோபத்துடன் எழுதவில்லை, ஒரு வைத்தியர் இரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்வதுபோல எழுதினார். நான் அதை முழுவதும் வாசித்து முடிக்க மூன்று தடவை முயற்சி செய்ய வேண்டியிருந்தது.

1969 இல் சேர்ச்சில் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பிரித்தானியாவின் யுத்தகாலப் பிரதமர் வாழ்நாள் முழுவதும் மனச்சோர்வுடன் போராடியவர். அதற்குச் சேர்ச்சில் வைத்திருந்த பெயர் கறுப்பு நாய். 1915 இல் டார்டனெல்ஸ் போர் நடவடிக்கை தோல்வியுற்றுப் பதவியை இழந்தபோது, நாற்பது வயதில் தூரிகையைக் கையில் எடுத்துச் சித்திரம் தீட்டத் தொடங்கினார். தோட்டத்தில் செங்கல் அடுக்கி மதில் கட்டினார். சும்மா இருந்தால் நாய் வந்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1940 இல் எல்லாக் கணக்கும் தோல்வி என்று காட்டியபோது நாட்டை நிமிர்த்த அவரால் முடிந்ததற்கும், தன்னுள்ளே நம்பிக்கையின்மையோடு மல்லுக்கட்டிப் பழகியிருந்ததற்கும் தொடர்பு உண்டென்று ஸ்ரோர் வாதிட்டார். இந்த நாட்டின் மிகப் பெரிய வீரனுக்கே இந்த நோய் இருந்தது என்பதை, கடிதத்தை ஒளித்து வைத்த அந்த வீட்டாருக்கு யாராவது சொல்ல வேண்டும்.

1972 இல் வந்த நூல் படைப்பாற்றல் பற்றியது. கலைஞர்களும் விஞ்ஞானிகளும் எதற்காகப் படைக்கிறார்கள் என்று அதில் ஆராய்ந்தார். நியூட்டன், ஐன்ஸ்ரீன், காப்கா எல்லோரும் வருகிறார்கள். எனக்குப் பிடித்தது இசையமைப்பாளர் ஸ்ராவின்ஸ்கி பற்றிய பகுதி. மேசையில் பேனா, அழிறப்பர், அடிமட்டம் எல்லாம் சத்திர சிகிச்சை ஆயுதங்கள்போல வரிசையாக இருக்குமாம். என் மேசையைப் பார்த்து வீட்டில் சிரிப்பவர்களுக்கு இதைச் சமர்ப்பிக்கிறேன்.

தனிமை

அவருக்குப் பெரும் புகழ் தந்தது 1988 இல் வெளியான தனிமை பற்றிய நூல். நான் அவரை அறிந்ததும் அதனால்தான்.

2009 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இந்த நாட்டுக்கு வந்தேன். மனைவியும் மகளும் வேறு நாட்டில். வழக்கு முடியும்வரை வேலை செய்ய அனுமதியில்லை. ஒரு கட்டிலும் ஒரு யன்னலும் உள்ள அறை. குளிருக்கு ஒதுங்கவும் காசில்லாமல் இருக்கவும் ஏற்ற இடம் பொது நூலகம் ஒன்றே. அங்கே ஒருநாள் தட்டில் தனிமை என்ற தலைப்பைக் கண்டு, என்னைப் பற்றித்தான் யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று எடுத்தேன்.

அவர் சொன்ன விடயம் சுருக்கமாக இதுதான். அக்காலத்து உளவியல், குறிப்பாக ஜோன் பௌல்பி போன்றோரின் கொள்கை, மனிதரின் சுகவாழ்வு முழுவதும் நெருங்கிய உறவுகளிலேயே தங்கியிருக்கிறது என்றது. ஸ்ரோர் அதை முழுமையாக ஏற்கவில்லை. உறவுகள் வேண்டும்தான். ஆனால் ஒருவர் தன்னந்தனியே செய்யும் வேலையும், அவரது ஈடுபாடும், கற்பனையும், இசையும்கூட வாழ்வுக்குப் பொருள் தரும். தனியே இருக்கத் தெரிவது நோயல்ல, அது ஓர் ஆற்றல் என்றார். கலியாணம் செய்யாத கான்ட், காது கேளாத பீத்தோவன் எல்லோரையும் சாட்சிக்கு அழைத்தார். பீத்தோவன் முற்றாகச் செவிப்புலன் இழந்தபின் எழுதிய கடைசி நால்வர் வாத்திய இசைகளைப் பற்றி எழுதும் பக்கங்களில், வைத்தியர் மறைந்து வயோலாக்காரர் வந்துவிடுகிறார்.

சிறுவயதிலேயே தனிமைப்படுத்தப்பட்ட எழுத்தாளர்களைப் பற்றியும் எழுதினார். பம்பாயில் பிறந்த றட்யார்ட் கிப்ளிங் 1871 இல், ஐந்து வயதில், தங்கையுடன் இங்கிலாந்தின் சவுத்சீ என்ற ஊரில், பணம் வாங்கிப் பிள்ளைகளை வைத்திருக்கும் ஒரு வீட்டில் விடப்பட்டார். பெற்றோர் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார்கள். ஆறு வருடம் வரையில் அந்த வீட்டில் அடியும் அவமானமும். பெற்றோர் கெட்டவர்கள் அல்லர், பிள்ளைகளின் நன்மைக்கென்றே செய்தார்கள். எங்களில் எத்தனை குடும்பங்கள் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளையைத் தனியே ஓர் ஏஜென்சிக்காரனுடன் அனுப்பிவிட்டுப் பின்னர் தொலைபேசியில் நன்றாக இருக்கிறாயா என்று கேட்டன? பிள்ளைகளும் ஓம் என்றுதான் சொன்னார்கள்.

நூலை வாசித்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம். வீடும் உத்தியோகமும் பியானோவும் உள்ள மனிதர் தனிமையைப் புகழ்வது எளிது என்று நினைத்தேன். இன்றும் அந்தக் குறையை நான் முற்றாக விட்டுவிடவில்லை. அவர் காட்டும் மேதைகளில் பெரும்பாலோர் ஆண்கள். அவர்களுக்குச் சோறு சமைத்தது யார் என்ற கேள்வி நூலில் பெரிதாக எழவில்லை. ஆனால் சில பக்கம் தள்ளி, தானாகத் தேடிய தனிமை வேறு, பிறர் திணித்த தனிமை வேறு என்று அவர் பிரிக்கும் அத்தியாயம் வந்தது. அங்கே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அதில் 1971 இல் வட அயர்லாந்தில் நடந்ததை எழுதுகிறார். தடுத்து வைக்கப்பட்டவர்களின் தலையைக் கறுப்புப் பையால் மூடினார்கள். சுவரில் கைகளை ஊன்றி மணிக்கணக்காக நிற்க வைத்தார்கள். இடைவிடாத இரைச்சலைக் கேட்க வைத்தார்கள். நித்திரையும் உணவும் மறுத்தார்கள். உடம்பில் காயம் தெரியாத வதை. பல காலத்தின் பின்னும் அந்த மனிதர்கள் கெட்ட கனவும் பதற்றமும் சோர்வுமாக வாழ்ந்ததை ஒரு வைத்தியராக அவர் பதிவு செய்தார். தம் சொந்த நாட்டு அரசு செய்ததை மூடி மறைக்கவில்லை. 1972 மார்ச்சில் அந்த முறைகள் நிறுத்தப்படுவதாகப் பிரித்தானியப் பிரதமர் அறிவித்தார். 1978 இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவை மனிதத்தன்மையற்றவை, இழிவுபடுத்துபவை என்று தீர்ப்பளித்தது. எங்கள் மண்டபத்தில் அன்னதான வரிசையில் நிற்பவர்களுள், இந்தப் பந்தியை வாசிக்கும்போது கை நடுங்குபவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு வந்தது கண்ணூறும் அல்ல, செய்வினையும் அல்ல. வைத்தியசாலைகளில் பெயர் உள்ள, சிகிச்சை உள்ள ஒரு பாதிப்பு.

அதே அத்தியாயத்தில் டொக்டர் எடித் போன் என்ற அம்மையாரைப் பற்றி வருகிறது. 1949 இல் ஹங்கேரியில் உளவாளி என்று பிடிக்கப்பட்டபோது அவருக்கு வயது அறுபது. ஏழு வருடம் தனிச்சிறை. 1956 எழுச்சியின்போதே விடுதலையானார். அவர் மனம் பேதலிக்காமல் வெளியே வந்தார். எப்படி? தனக்குத் தெரிந்த மொழிகள் ஒவ்வொன்றிலும் எத்தனை சொற்கள் தெரியும் என்று எண்ணினார். மனப்பாடமான கவிதைகளைச் சொல்லிப் பார்த்தார். சாப்பிடக் கொடுத்த பாணைப் பிசைந்து மணிகளாக்கி, எண்சட்டம் செய்து கணக்குப் போட்டார். இதை வாசித்த அன்று மாலையே நான் அறைக்குப் போய், பல்கலைக்கழகத்தில் படித்த கணக்கியல் பாடங்களை நினைவிலிருந்து ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். வழக்கு முடிய மேலும் பதினாறு மாதம் சென்றது. ஐந்து கொப்பிகள் நிரம்பின. அவை இன்னும் என்னிடம் உள்ளன.

இசையும் மனமும்

1992 இல், எழுபத்திரண்டு வயதில், தாம் மிக நேசித்த விடயத்துக்கு வந்தார். ‘இசையும் மனமும்’ என்று பொருள்படும் அந்த நூலை ஒரு வைத்தியரின் நூல் என்பதா, ஒரு ரசிகரின் நூல் என்பதா என்று சொல்வது கடினம்.

இசை ஏன் மனிதருக்கு வேண்டும் என்று கேட்கிறார். அதனால் வயிறு நிரம்புவதில்லை, பகைவன் ஓடுவதில்லை. ஆனாலும் இசை இல்லாத சமூகம் ஒன்றையும் காணமுடியாது. தாய் பிள்ளைக்கு இழுக்கும் இராகத்தில் தொடங்கி, வயல் வேலை, போர், வழிபாடு, மரணச் சடங்கு என்று கூட்டமாக ஒரே நேரத்தில் ஒரே உணர்ச்சியை உண்டாக்கும் ஆற்றல் இசைக்கு இருப்பதைக் காட்டுகிறார். தாலாட்டும் ஒப்பாரியும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் ஆதாரம் தேவையில்லை. அதே ஆற்றலால் இசை ஆபத்தானதும்கூட என்கிறார். அணிவகுப்பு இசையுடன் மனிதரை எங்கும் நடத்திச் செல்லலாம்.

மூளையைப் பற்றிய பகுதி வியப்பானது. பேச்சும் பாட்டும் மூளையில் ஒரே பாதையில் போவதில்லை. திக்கிப் பேசுபவர் தங்குதடையின்றிப் பாடுவார். பாரிசவாதத்தில் பேச்சிழந்தவர் பழைய பாட்டைச் சொற்களுடன் பாடுவார். றஷ்ய இசையமைப்பாளர் ஷெபாலின் 1959 இல் இரண்டாம் தடவை பாரிசவாதம் வந்து மொழியை இழந்தபின்னும் ஒரு சிம்பொனியை எழுதி முடித்தார். பேச்சிழந்த எங்கள் பாட்டிமார் தேவாரம் தொடங்கியதும் உதடசைப்பதைக் கண்டு நாங்கள் அதைத் திருவருள் என்று சொல்கிறோம். ஸ்ரோர் நரம்பியல் என்று சொல்வார். நான் இரண்டுக்கும் இடையில் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

தம்மையே சோதனைக்கு உட்படுத்திய ஒரு கதையையும் சொல்கிறார். மெஸ்கலின் என்ற மதிமயக்கும் மருந்தின் விளைவை அறிய வைத்தியர்கள் நடத்திய பரிசோதனையில் அவரும் ஒருவர். மருந்து ஏறிய நிலையில் வானொலியில் மொசாட்டின் இசையைக் கேட்டார். உணர்ச்சி பலமடங்கு பெருகியது. ஆனால் அதன் அமைப்பு, கட்டுக்கோப்பு, ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கும் ஒழுங்கு எல்லாம் மறைந்துவிட்டன. எல்லா இசையும் ஒரே உருக்கமாகிவிட்டது. இசை வெறும் உணர்ச்சிப் பெருக்கல்ல, உணர்ச்சியும் ஒழுங்கும் ஒன்றாகும் இடம் அது என்பதை அன்று கண்டார். கலங்கிய மனதுக்கு இசை செய்யும் உதவி இந்த ஒழுங்கில்தான் இருக்கிறது என்பது அவர் எண்ணம்.

மேற்கத்தேய சுர அமைப்பே இயற்கையின் சட்டம் என்று சொன்ன பெரியவர்களை அவர் ஏற்கவில்லை. வேறு மக்களுக்கு வேறு சுர ஒழுங்குகள் உண்டென்று சுட்டிக்காட்டினார். ஆனால் தமக்குத் தெரிந்த மேற்கத்தேய சாஸ்திரீய இசையைப் பற்றியே பெரும்பாலும் எழுதினார். எங்கள் இராகங்களைப் பற்றி விரிவாக எழுதாதது எனக்குக் கவலைதான். தெரியாததை எழுதாமல் விட்டது அவரது நேர்மை.

1996 இல் வெளியான நூல் குருமார்களைப் பற்றியது. அமெரிக்காவில் 93 றோல்ஸ் றோய்ஸ் கார்கள் வைத்திருந்த ரஜனீஷ், 1978 இல் கயானாவில் 900க்கு மேற்பட்டவர்களைச் சாவுக்கு இட்டுச் சென்ற ஜிம் ஜோன்ஸ் போன்றவர்களுடன், யுங்கையும் பிராய்டையும்கூட அதே தராசில் வைத்தார். தமக்கே உண்மை முழுவதும் தெரியும் என்ற நிச்சயம் உள்ளவரிடம் எச்சரிக்கையாக இருக்கும்படி சொன்னார். கோயில் மலரில் இதை எழுதலாமா என்று யோசித்தேன். சீடர்கள் கொடுத்த காசுக்குக் கணக்குக் காட்டாத இடங்களைப் பற்றியது என்பதால் எழுதுகிறேன். எங்கள் சபையின் வருடாந்தக் கணக்கறிக்கை விளம்பரப் பலகையில் உள்ளது.

குடும்பமும் கடைசிக் காலமும்

1942 இல் கதரின் கோல் என்பவரை மணந்தார். மூன்று பெண் பிள்ளைகள். கதரினும் வைத்தியம் படித்து மனநல வைத்தியராக இருந்தவர். கதரின் ஸ்ரோர் என்ற பெயரில் சிறுவர் இலக்கியம் எழுதி, கணவரைவிடப் பல வீடுகளுக்குள் நுழைந்தவர். ஓநாய்க்குப் பயந்த மகளுக்காகச் சொன்ன கதைகளே ‘கெட்டிக்காரப் பொலியும் மடைய ஓநாயும்’ என்ற தொகுப்பாக 1955 இல் வந்தன. எங்கள் பிள்ளைகளில் சிலர் பாடசாலையில் வாசித்திருக்கக்கூடும். 1970 இல் அந்த மணவாழ்வு முறிந்தது. அதே ஆண்டில் எழுத்தாளர் கதரின் பீற்றர்ஸ் அம்மையாரை மணந்தார். மற்றவர்களின் மனதைச் செப்பனிட்டவர் வீட்டிலும் எல்லாம் ஒழுங்காக இருக்கவில்லை. அவர் அதை மறைக்கவுமில்லை. தமக்கு மனச்சோர்வு வருவதுண்டு என்பதையும் மறைக்கவில்லை.

ஆஸ்மாவினால் நீண்ட நாள் வாழமாட்டார் என்று நினைக்கக்கூடிய பிள்ளை எண்பது வயது வரை வாழ்ந்தார். 2001 ஜனவரியில் முதல் மனைவி கதரின் காலமானார். இரண்டு மாதம் கழித்து, மார்ச் 17 ஆம் திகதி, ஸ்ரோரும் ஒக்ஸ்போட்டில் காலமானார்.

இந்தக் கட்டுரைக்காக அவரது தனிமை பற்றிய நூலிலும் இசை பற்றிய நூலிலும் ஒவ்வொரு பிரதி பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். இரண்டும் மண்டபத்து நூலக அலுமாரியின் கீழ்த் தட்டில், பஞ்சாங்கங்களுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. இரவல் பதிவேட்டில் பெயர் எழுதத் தேவையில்லை என்று நூலகப் பொறுப்பாளரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எடுத்துச் செல்பவர் எப்போது வேண்டுமானாலும் திரும்ப வைக்கலாம்.